"பேப்பர் இருக்கு சார், வாங்கலாமா?" – ஒரு புள்ளி நாயின் 150 வருடக் கதை

1/
போன வாரம் நைட் டியூட்டி. வார்டு கொஞ்சம் அடங்கின நேரம். ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தர் ஃபோனை நீட்டினாங்க. "சார், பையன் ஒரு மாசமா உசிரை வாங்குறான். டால்மேஷன் குட்டிதான் வேணுமாம். இதைப் பாருங்க. ப்யூர் ப்ரீட், பேப்பர் இருக்கு, சாம்பியன் லைன்னு சொல்றாங்க. அட்வான்ஸ் போட்டுடவா?"

2/
படத்துல நாலு குட்டிங்க. வெள்ளை வெளேர்னு, மை தெளிச்ச மாதிரி கறுப்புப் புள்ளிகளோட. அழகுதான், இல்லேன்னு சொல்லல.
"அம்மா நாய் எங்க இருக்கு சிஸ்டர்?"
"அதைக் கேக்கலையே சார்."
"கேளுங்க. கேட்டுட்டு ஒரு வாரம் பொறுங்க. காசு மட்டும் இப்ப போடாதீங்க."

3/
ஏன் பொறுக்கச் சொன்னேன்னு அன்னைக்கு ராத்திரி அரைகுறையாத்தான் சொல்ல முடிஞ்சுது. நடுவுல ஒரு கேஸ் வந்துடுச்சு. முழுசா இங்க எழுதுறேன். நீளமான த்ரெட். டீயோட உக்காருங்க.
ஒரு விஷயம் முதல்லயே: நான் எம்.பி.பி.எஸ், மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குறவன். உங்க நாய்க்கு மருந்து கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க. கால்நடை மருத்துவரைப் பாருங்க.

4/
அப்புறம் நீ ஏன்டா நாய்க் கதை எழுதுறேன்னு கேப்பீங்க. காரணம், இது அடிப்படையில ஒரு யூரிக் ஆசிட் கதை. சொந்தத்துல கல்யாணம் பண்றதைப் பத்தின கதையும் கூட. "நல்ல ப்ரீடர்" அப்படின்னா யாருங்கிற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல.

5/
1859, ஜூன் 28. இங்கிலாந்தில் நியூகாசில் நகரம். உலகின் முதல் முறையான நாய்க் கண்காட்சி நடக்கிறது. பாயின்டர், செட்டர் என்று இரண்டே வகை வேட்டை நாய்கள். மொத்தம் 60 நாய்கள். பரிசு, துப்பாக்கி.
அதில் ஒரு வேடிக்கை. செட்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் பாயின்டர் பரிசு வாங்கியது. பாயின்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் செட்டர் பரிசு வாங்கியது. "சாம்பியன் லைன்" என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த முதல் நாள்தான் ஞாபகம் வரும்.

6/
அதுக்கு முன்னாடி நாய் இனமே இல்லையான்னா, இருந்தது. ஆனா வேலையை வெச்சுத்தான் பேர். ஆடு மேய்க்கிற நாய், எலி பிடிக்கிற நாய், முயல் துரத்துற நாய். வேலை செஞ்சா நல்ல நாய். அம்மா அப்பா யாருன்னு எவனும் கேக்க மாட்டான்.
கண்காட்சி வந்ததும் கேள்வி மாறியது. என்ன வேலை செய்யும் என்பது போய், எப்படி இருக்கிறது என்பது வந்தது.

7/
1873-ல் லண்டனில் சீவாலிஸ் ஷெர்லி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியில் கென்னல் கிளப் தொடங்கியது. மறுவருடம் அவர்களுடைய முதல் வம்சப் பதிவேடு வெளிவந்தது. 1859-லிருந்து கண்காட்சிகளில் கலந்துகொண்ட 4,027 நாய்களின் பெயர்கள் அதில் இருந்தன. 1884-ல் அமெரிக்காவிலும் இதேபோல ஒரு கிளப் வந்தது.
நம்ம ஊர்ல இன்னைக்கு "பேப்பர்"னு சொல்றோமே, அதோட பாட்டன் இந்தப் பதிவேடுதான்.

8/
இந்தப் பதிவேட்டுக்கு ஒரு முக்கியமான விதி உருவாச்சு. ஒரு கட்டத்துக்கு மேல கதவைச் சாத்திடுவாங்க. ஏற்கெனவே பதிவான நாய்க்கும் பதிவான நாய்க்கும் பிறந்தால்தான் குட்டிக்குப் பதிவு. வெளி ரத்தம் ஒரு சொட்டு கூட உள்ளே வரக்கூடாது. "ப்யூர் ப்ரீட்" என்பதன் அர்த்தம் இவ்ளோதான்.
கவனிங்க. இதுல "ஆரோக்கியம்"ங்கிற வார்த்தை எங்கயும் இல்ல.

9/
இப்ப டால்மேஷனுக்கு வருவோம். பெயர் இன்றைய குரோவேஷியாவில் இருக்கும் டால்மேஷியா கடற்கரையிலிருந்து வந்தது. ஆனா வேலை பார்த்தது பெரும்பாலும் இங்கிலாந்தில். குதிரை வண்டிகளுக்குப் பக்கத்துல மைல் கணக்கா ஓடி, குதிரைக்கும் வண்டிக்கும் காவல் இருக்கும். அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளைக் குதிரை இழுத்த காலத்தில் அந்த வண்டிகளோடும் ஓடியது. அதனாலதான் இன்னைக்கும் அங்க தீயணைப்பு நிலையம்னா டால்மேஷன் படம் போடுறாங்க.

10/
மோட்டார் வண்டி வந்தது. ஓடுற வேலை போச்சு. மிச்சம் இருந்தது புள்ளி மட்டும்.
புள்ளி வட்டமா இருக்கணும், ஓரம் தெளிவா இருக்கணும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாது, இந்த அளவுல இருக்கணும்னு தர விதிகள் எழுதினாங்க. அந்த மாதிரி புள்ளி உள்ள நாய் பரிசு வாங்கும். பரிசு வாங்கின ஆண் நாயைத்தான் எல்லாரும் இணை சேர்க்கத் தேடுவாங்க.

11/
இங்க ஒரு நிமிஷம் நம்ம ஓ.பி-க்கு வாங்க. அத்தை பையனையோ தாய்மாமனையோ கட்டின தம்பதி குழந்தையோட வரும்போது நாங்க ஏன் துருவித் துருவிக் கேக்குறோம்? நம்ம எல்லார்கிட்டயும் சில கோளாறு ஜீன்கள் ஒத்தைப் பிரதியா ஒளிஞ்சிருக்கு. ஒத்தையா இருக்கிற வரை தொல்லை இல்ல. அதே ஜீன் சொந்தக்காரங்ககிட்டயும் இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்து குழந்தைகிட்ட ஜோடி சேர்ந்தா நோய்.

12/
நாய் உலகத்துல இது பல மடங்கு. கதவு சாத்தின பதிவேடு, அதுக்குள்ள பத்துப் பதினைந்து சாம்பியன் ஆண்கள், எல்லாக் குட்டிக்கும் அவங்களே தாத்தா. அப்பா–மகள், அண்ணன்–தங்கை இணையெல்லாம் "லைனை ஃபிக்ஸ் பண்றோம்"னு தெரிஞ்சே செஞ்சதுதான். பிரிட்டன் கென்னல் கிளப் இந்த மாதிரி நெருங்கிய இணைகளின் குட்டிகளுக்குப் பதிவு கிடையாதுன்னு நிறுத்தினது 2009-ல்தான். அதுவும் முந்தைய வருடம் பி.பி.சி ஒரு ஆவணப்படம் போட்டு ஊரே கொந்தளிச்ச பிறகு.

13/
டால்மேஷனுக்குள்ள ஒளிஞ்சிருந்தது என்ன?
1916-ல் ஸ்டான்லி பெனடிக்ட் ஒரு விஷயம் சொன்னார். ஆமாங்க, சிறுநீரில் சர்க்கரை பாக்குற பெனடிக்ட் கரைசல் இருக்கே, அதே பெனடிக்ட். டால்மேஷன் நாயின் சிறுநீரில், மற்ற நாய்களில் இல்லாத அளவுக்கு யூரிக் அமிலம் வெளியேறுகிறது.

14/
பின்னணி: புரதம் மாதிரி பியூரினையும் உடம்பு உடைக்கும். உடைச்சா யூரிக் ஆசிட். பெரும்பாலான பாலூட்டிகள் யூரிகேஸ் என்ற நொதியை வெச்சு அதை அலன்டாயின் ஆக்கிடும். அலன்டாயின் தண்ணில சுலபமா கரையும், சிறுநீரில் போயிடும். மனுஷனும் பெரிய குரங்குகளும் பரிணாமத்தில் அந்த நொதியைத் தொலைச்சுட்டோம். அதான் நமக்கு கால் கட்டை விரல்ல கவுட் வருது, சிறுநீரகத்துல கல் வருது.

15/
டால்மேஷனிடம் யூரிகேஸ் இருக்கு. ஆனாலும் யூரிக் ஆசிட் வெளியே கொட்டுது. இது எப்படி?
1966-லும் 1972-லும் அமெரிக்க ஆய்வாளர்கள் டால்மேஷனுக்கும் வேறு நாய்க்கும் உறுப்பை மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். சிறுநீரகத்தை மாற்றினால் பெரிய மாற்றமில்லை. கல்லீரலை மாற்றினால் நிலைமை மாறியது. அதாவது தொழிற்சாலைக்குள்ள மெஷின் நல்லாத்தான் இருக்கு. சரக்கை உள்ளே எடுத்துட்டுப் போற வாசல்தான் பழுது.

16/
அந்த வாசல் எதுன்னு 2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எஸ்.எல்.சி.2.ஏ.9 என்ற ஜீன். யூரிக் ஆசிட்டை செல்லுக்குள் கடத்தும் புரதத்துக்கான ஜீன். நம்ம ரத்தத்துல யூரிக் ஆசிட் அளவு ஆளுக்கு ஆள் மாறுறதுக்கும் இதே ஜீனுக்கும் தொடர்பு இருக்குன்னு மனித ஆய்வுகள் சொன்னதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான்.
பழுதான பிரதி ரெண்டும் சேர்ந்தாத்தான் பிரச்சினை. இதை 1938-லேயே இனக்கலப்பு செஞ்சு பார்த்து, இது ஒடுங்கு பண்புன்னு சொல்லிட்டாங்க.

17/
இப்ப முக்கியமான வரி. அந்த மூடிய பதிவேட்டில் இருந்த டால்மேஷன்கள் எல்லாவற்றுக்கும் ரெண்டு பிரதியும் பழுது. சிலதுக்கு இல்ல, பாதிக்கு இல்ல. எல்லாத்துக்கும்.
எப்படி இப்படி ஆச்சு? நல்ல பெரிய, தெளிவான புள்ளிக்கான ஜீன் இந்தப் பழுது ஜீனுக்குப் பக்கத்து வீட்டுல இருக்குன்னு கருதுறாங்க. புள்ளியைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, பக்கத்து வீட்டுக்காரனும் கூடவே ஏறி வந்துட்டான். யாரும் வேணும்னு செய்யல. யாரும் பாக்கவும் இல்ல.

18/
எல்லா டால்மேஷனுக்கும் கல் வந்துடாது. இதைத் தெளிவா சொல்லிடறேன். நிறைய நாய்கள் நல்லபடியா வாழ்ந்து முடிக்குதுங்க. ஆனா யூரேட் கல் உருவாகும் அபாயம் மற்ற நாய்களைவிட ரொம்ப அதிகம். குறிப்பா ஆண் நாய்களுக்கு. ஆண் நாயின் குறிக்குள் ஒரு எலும்பு இருக்கு. சிறுநீர்க்குழாய் அந்த எலும்போட பள்ளத்துல நெருக்கமாப் போகும். விரிய இடமில்ல. கல் அங்கதான் போய் மாட்டும்.

19/
சிறுநீர் அடைச்சுக்கிட்டு வர்ற மனுஷனை கேஷுவாலிட்டில பார்த்தவங்களுக்குத் தெரியும் அது என்ன வேதனைன்னு. வயசான தாத்தாவெல்லாம் சின்னப் புள்ளை மாதிரி அழுவாங்க. டியூப் போட்டு இறக்கின உடனே கையைப் புடிச்சுக்கிட்டு "நல்லா இருப்பா"ன்னு சொல்லுவாங்க. நாய்க்கு வாய் இல்ல. கால் தூக்கித் தூக்கி நிக்கும், சொட்டு வராது. விட்டா ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும்.

20/
இதுக்கு மருந்து? நம்ம கவுட் நோயாளிக்குக் கொடுக்கிற அதே அலோப்யூரினால் நாய்க்கும் கொடுக்கிறாங்க. ஆனா சாப்பாட்டுல பியூரினைக் குறைக்காம மாத்திரை மட்டும் கொடுத்தா யூரேட் கல்லுக்குப் பதிலா சாந்தின் கல் வரும். ஈரல் போடக்கூடாது, தண்ணி நிறைய குடிக்க வைக்கணும், ஆயுசு முழுக்கக் கவனிக்கணும். ஒரு குட்டி வாங்குற குடும்பம் இதையெல்லாம் தெரிஞ்சா வாங்குது?

21/
இப்ப கதையின் நாயகர் வர்றார். ராபர்ட் ஷைபிள். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் மரபியலாளர். அவரே டால்மேஷன் வளர்ப்பவர். அவர் யோசிச்சது ரொம்ப எளிமையான விஷயம். இனத்துக்குள்ள நல்ல பிரதி ஒண்ணு கூட இல்லேன்னா, உள்ளேயே எத்தனை தலைமுறை தேடினாலும் கிடைக்காது. வெளியிலிருந்து ஒரு தடவை கொண்டு வரணும்.

22/
1973-ல் அவர் ஒரு டால்மேஷனை ஒரு பாயின்டர் நாயோடு இணை சேர்த்தார். ஒரே ஒரு தடவை. அதன் பிறகு பிறந்த குட்டிகளில் நல்ல பிரதி உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப சுத்த டால்மேஷனோடயே சேர்த்தார்.
கணக்கு போடுங்க. முதல் தலைமுறையில் பாயின்டர் ரத்தம் பாதி. அடுத்து கால். அப்புறம் அரைக்கால். ஒவ்வொரு படியிலும் பாதியாக் குறையும். நல்ல ஜீன் மட்டும் தங்கும்.

23/
1981-ல் அமெரிக்க கென்னல் கிளப் இந்த வம்சத்தில் ரெண்டு நாய்களை டால்மேஷனாகவே பதிவு செய்தது. பார்க்க டால்மேஷன், நடக்க டால்மேஷன், சிறுநீர் மட்டும் சாதாரண நாயோடது. கதை சுபம்னு நினைப்பீங்க.
இல்ல.

24/
அந்த நாட்டின் டால்மேஷன் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் கொதிச்சுட்டாங்க. கலப்படம், இனத் தூய்மை போச்சு, புள்ளி சின்னதா இருக்கு, ஓரம் தெளிவில்ல. கென்னல் கிளப் பின்வாங்கியது. அந்த நாய்களின் வாரிசுகளுக்குப் பதிவு நின்னுபோச்சு.
வியாதி இல்லாத நாய்க்குப் பேப்பர் இல்ல. வியாதி ஜீன் ரெண்டு பிரதி உள்ள நாய்க்குப் பேப்பர் உண்டு. இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

25/
ஷைபிளும் கூட இருந்த சில பேரும் விடல. பேப்பர் மதிப்பு இல்லாம, கண்காட்சி மேடை இல்லாம, பரிசு இல்லாம, தலைமுறை தலைமுறையா அந்த வம்சத்தைக் காப்பாத்தினாங்க. குட்டியைப் பெரிய விலைக்கு விக்கவும் முடியாது. சக ப்ரீடர்கள்கிட்ட ஏச்சும் பேச்சும்தான் மிச்சம்.
பிரிட்டன் கென்னல் கிளப் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த வம்சப் பெண் நாய் ஒன்றை 2010-ல் பதிவு செய்தது. அங்கேயும் இனச் சங்கங்கள் எதிர்த்தன. 2011-ல் அமெரிக்க கென்னல் கிளப்பும் கதவைத் திறந்தது. 1981-லிருந்து 2011. முப்பது வருஷம்.

26/
அந்த முப்பது வருஷத்துல எத்தனை நாய் அடைப்பு வந்து துடிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தீர்வு கையில இருந்தது. அறிவியல் தயாரா இருந்தது. தடுத்தது ஒரே வார்த்தை, "சுத்தம்."
அதனால யாராவது "ப்யூர் ப்ரீட் சார், நூத்துக்கு நூறு"ன்னு பெருமையாச் சொன்னா, அது ஒரு வம்சாவளித் தகவல். ஆரோக்கியச் சான்றிதழ் இல்ல.

27/
இந்த இடைவெளியில் இன்னொரு கூத்து நடந்தது. டோடி ஸ்மித் 1956-ல் எழுதிய நாவலை டிஸ்னி 1961-ல் கார்ட்டூன் படமாக்கியது. 101 டால்மேஷன்கள். 1985-ல் அதை மறுபடி தியேட்டரில் விட்டார்கள். அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 8,000 ஆக இருந்த டால்மேஷன் பதிவு, 1993-ல் 40,000-ஐத் தாண்டியது. அப்புறம் சரசரன்னு சரிஞ்சது.

28/
எட்டு வருஷத்துல அஞ்சு மடங்கு குட்டி எங்கிருந்து வரும்? நிதானமா, இணை பார்த்து, சோதனை செஞ்சு வளர்க்கிறவர் வருஷத்துக்கு ஒரு ஈத்து, ரெண்டு ஈத்துதான் எடுப்பார். தேவை எகிறும்போது இடைவெளியை நிரப்புறது கூண்டு வெச்சு குட்டி உற்பத்தி பண்றவன். பெட்டை நாய் ஒவ்வொரு பருவத்துக்கும் சினை. எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கும். ஏன்னா அம்மா அப்பா ரெண்டும் பதிவு நாய்தானே.
நம்ம ஊர்ல 2003-ல் ஒரு செல்ஃபோன் விளம்பரத்துக்கு அப்புறம் தெருவுக்குத் தெரு பக் நாய் வந்ததை ஞாபகம் வெச்சிருப்பீங்க. அதே கதைதான்.

29/
டால்மேஷனுக்கு இன்னொரு பிரச்சினை, காது. உள்காதில் நிறமி செல்கள் இருந்தால்தான் கேட்கும் செல்கள் உயிரோட இருக்கும். ரொம்ப வெள்ளையான நாய்களில் அந்த நிறமி செல் உள்காதுக்குப் போய்ச் சேராம போகலாம். முன்நெற்றியில வெள்ளை முடி, நீலக்கண், காது கேளாமைன்னு மனுஷங்களில் வார்டன்பர்க் சிண்ட்ரோம் படிச்சோமே, கிட்டத்தட்ட அதே இயங்குமுறை.
அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் சுமார் 8 சதவீதத்துக்கு ரெண்டு காதும் கேக்கல. சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது கேக்கல.

30/
ஒரு காது கேக்காத குட்டியைக் கை தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு காதுல கேட்டுத் திரும்பிடும். மூளைத்தண்டு கேட்புச் சோதனை பண்ணணும். நம்ம பச்சைக் குழந்தைகளுக்குப் பண்றோமே, அதே பெரா. அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விட்டா அடுத்த தலைமுறைக்குப் போகும். நம்ம ராஜபாளையத்துக்கும் இது பொருந்தும். பால் வெள்ளைதான் வேணும்னு கேட்டுக் கேட்டு, காது கேக்காத குட்டிகளும் கூடவே வருது.

31/
சட்டத்துக்கும் டால்மேஷனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1965-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையிலிருந்து பெப்பர் என்ற டால்மேஷன் காணாமல் போனது. திருடி, கை மாறி, கடைசியில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சோதனையில் இறந்தது. வீட்டுக்காரங்க தேடிப் போய்ச் சேர்றதுக்குள்ள எரிச்சே முடிச்சுட்டாங்க. நாடு கொதித்தது. 1966 ஆகஸ்ட்டில் விலங்கு நலச் சட்டம் கையெழுத்தானது. 1970 திருத்தத்தில் செல்லப்பிராணி வியாபாரமும் அதன் வரம்புக்குள் வந்தது.
"இந்த நாய் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்று பெப்பர் சொல்லிக் கொடுத்தது.

32/
அதே கேள்வியை 2020 ஏப்ரலில் இங்கிலாந்து சட்டமாக்கியது. லூசி சட்டம். ஒரு குட்டி உற்பத்திக் கூடத்திலிருந்து மீட்கப்பட்ட, ஓயாமல் ஈன்று உடம்பு சிதைந்த ஒரு பெண் நாயின் பெயர் அது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக்கூடாது. வளர்த்தவரிடம் நேராகப் போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

33/
நம்ம நாட்டில் 2017-ல் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் வந்தாச்சு. நிறைய பேருக்குத் தெரியாது.
• ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.
• 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது.
• 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது.
• வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது.
• குட்டிக்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும்.
சென்னையில் தலைமையிடம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பேப்பர் இதிலிருந்து வேறு. அது வம்சாவளிப் பதிவு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

34/
சரி, குட்டி வாங்கப் போறீங்க. இந்த 150 வருஷக் கதையிலிருந்து என்ன கேக்கணும்?
அ) அம்மா நாயைக் காட்டுங்க. குட்டிங்க அம்மாகூட இருக்கும்போதே பாக்கணும். அம்மா பயந்து ஒடுங்குதா, வாலாட்டுதா, மடி வத்தி எலும்பா இருக்கா? அம்மாவைக் காட்டாதவர்கிட்ட வாங்காதீங்க. "வேற ஊர்ல இருக்கு" என்பது பதில் இல்ல.
ஆ) அம்மாவுக்கு வயசு என்ன, இது எத்தனாவது ஈத்து?

35/
இ) அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் என்ன சோதனை பண்ணீங்க? இனத்துக்கு இனம் மாறும். டால்மேஷன்னா காது சோதனை முடிவு, யூரிக் ஆசிட் ஜீனுக்கான டி.என்.ஏ சோதனை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுன்னா இடுப்பு மூட்டு எக்ஸ்ரே. "டாக்டர் பார்த்தார், நல்லா இருக்கு" என்பது சோதனை இல்ல. காகிதம் கேளுங்க.
ஈ) பெடிகிரியை வாங்கிப் படிங்க. அம்மா பக்கத்துலயும் அப்பா பக்கத்துலயும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருதா? அதைப் பெருமைன்னு சொன்னா, 11-ஆவது ட்வீட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க.

36/
உ) இந்த இனத்துல என்ன குறை இருக்கு? இதுதான் என் கணக்குல முதல் கேள்வி. நல்ல ப்ரீடர் அரை மணி நேரம் பேசுவார். தன் லைன்ல வந்த நோயையும் சொல்லுவார். "ஒரு குறையும் இல்ல சார்"னு சொல்றவர் ஒண்ணு தெரியாதவர், இல்ல மறைக்கிறவர்.
ஊ) நாளைக்கு என்னால வெச்சுக்க முடியலேன்னா திரும்ப எடுத்துப்பீங்களா? எடுத்துப்பேன்னு எழுத்துல கொடுப்பவர்தான் குட்டியைப் பத்திக் கவலைப்படுறவர்.
எ) அவர் உங்களைக் கேள்வி கேக்கிறாரா? வீடு எவ்ளோ பெருசு, பகல்ல யார் இருப்பாங்க, ஓட விட முடியுமா? டால்மேஷன் குதிரையோட ஓடின நாய். ஃப்ளாட் பால்கனியில கட்டி வெச்சா கடிக்கும். கேள்வியே கேக்காம ஜிபே நம்பர் அனுப்பறவர் வியாபாரி.

37/
"இப்படியெல்லாம் கேட்டா குட்டியே கிடைக்காதே சார்"னு சொல்லுவீங்க. உண்மைதான். சீக்கிரம் கிடைக்காது. காத்திருக்கணும், விலையும் கூட இருக்கலாம். காத்திருக்க முடியலேன்னா உங்க தெருவுலயே ஒரு குட்டி இருக்கும். தடுப்பூசி போட்டு எடுத்துட்டு வாங்க. அது எந்தப் பதிவேட்டிலும் இல்ல. மூடிய கதவுக்குள்ள வளர்ந்த வம்சமும் இல்ல.
எதை வாங்கினாலும் வெறிநாய்க்கடி ஊசியை மட்டும் வருஷா வருஷம் விடாதீங்க. வீட்டு நாய் கடிச்சு வர்றவங்களையும் நாங்க தினமும் பாக்குறோம்.

38/
சிஸ்டர் கதைக்கு வர்றேன். அவங்க ஃபோன் பண்ணி அம்மா நாயைப் பாக்கணும்னு கேட்டிருக்காங்க. "அம்மா பெங்களூர்ல இருக்கு மேடம், குட்டி மட்டும் பஸ்ல அனுப்புறோம்" அப்படின்னு பதில். காது சோதனை பத்திக் கேட்டதும், "நாய்க்கு எதுக்கு மேடம் காது டெஸ்டு, கூப்பிட்டா வரும்"னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் ஃபோனே எடுக்கலையாம்.

39/
பையன் ரெண்டு நாள் சாப்பிடாம அடம். மூணாவது நாள் நைட் டியூட்டில சிஸ்டர் ஒரு நோட்டுப் பேப்பரைக் காமிச்சாங்க. பையன் எழுதினது. அடுத்த ப்ரீடர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள். மொத்தம் ஒன்பது. ஏழு நான் சொன்னது. எட்டாவது: "குட்டி பிறந்ததுல இருந்து வீட்டுக்குள்ள வளர்ந்துச்சா, கூண்டுலயா?" ஒன்பதாவது: "அவங்க அம்மாவை விட்டு வந்தா அது எத்தனை நாள் அழும்?"

40/
ஒன்பதாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அதைக் கேக்கத் தெரிஞ்ச பையன் கைக்கு ஒரு குட்டி போனா அது நல்லா இருக்கும்னு மட்டும் தோணுச்சு. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.
வீட்டுல யாராவது நாய்க்குட்டி வாங்கப் போறாங்கன்னா, அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இந்த த்ரெட்டைக் காமிங்க.